ஜிடிஎக்ஸ் 1050, உபுண்டு 24.04, செக்யூர் பூட்: என்விடியா இயக்கி ஏற மறுக்கிறது

கயல்வரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ளது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியும் 4 ஜிபி நினைவகத்துடன் கூடிய என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 வரைகலைச் சில்லும் கொண்ட பழைய மடிக்கணினி. ஒரு பாதியில் விண்டோஸும் மறுபாதியில் லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-உம் இருக்கின்றன. விண்டோஸ் பகுதியை என் அண்ணன் அலுவலக வேலைக்குப் பயன்படுத்துகிறார். அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியால் பூட்டப்பட்டிருப்பதால், கணினியின் அடிப்படைத் துவக்க நிரலான பயாஸின் அமைப்புகளில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டில் எனக்கிருக்கும் நிபந்தனை. ஆகவே, நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட் என்ற காப்பு இயங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

இதுவரை உபுண்டு தானாகவே ஏற்றிக்கொண்ட நூவோ என்ற கட்டற்ற இயக்கியில் வேலை நடந்தது. ஆனால் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில், அதன் சைக்கிள்ஸ் எஞ்சின் கொண்டு காட்சியைப் படமாக ரெண்டர் செய்யும்போது வரைகலைச் சில்லு பட்டியலில் தோன்றுவதே இல்லை. முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. வரைகலைச் சில்லில் கணக்கீடுகளை ஓட்டும் என்விடியாவின் கூடா என்ற வசதி வேண்டுமென்றால் என்விடியாவின் தனியுரிம இயக்கி வேண்டும் என்று அறிந்து, அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து ரன் என்று முடியும் நிறுவல் கோப்பை இறக்கி, உரைத்திரைக்குச் சென்று நிறுவினேன். கையொப்பமிட வேண்டுமா என்று நடுவில் கேட்டது, வேண்டாம் என்றேன். இயங்குதளத்தின் மையமான கர்னலில் சேரும் மாட்யூல் என்ற துண்டை ஏற்ற முடியவில்லை என்ற பிழையோடு அது நின்றுவிட்டது.

பின்னர் முனையத்தில் உபுண்டுவின் தொகுப்பு நிறுவியான ஏபிடி வழியாக 580-ஓப்பன் என்று முடியும் இயக்கித் தொகுப்பை நிறுவினேன். பட்டியலில் 580 என்ற பெயரில் இரண்டு இருந்தன. கட்டற்றது நல்லதுதானே என்று ஓப்பன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வந்தது. விண்டோஸ் கெட்டுவிட்டதோ என்று பயந்து, மேலே இருந்த 'தொடர்ந்து துவக்கு' என்ற வரியில் எண்டர் தட்டிவிட்டேன்.

இப்போதைய நிலை இதுதான். சில்லின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, இயக்கியுடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. மாட்ப்ரோப் கட்டளை கொண்டு மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தால், சாவி நிராகரிக்கப்பட்டது என்று பொருள்படும் ஒரு வரியைக் காட்டுகிறது. இவற்றைவிடப் பெரிய தொல்லை, எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருந்த வெளித்திரை முன்பு வேலை செய்தது, இப்போது இருண்டு கிடக்கிறது. மடிக்கணினியின் சொந்தத் திரையில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. எங்கே தவறினேன் என்று சொல்ல முடியுமா?


முனையம் எழுதியது:

வணக்கம் கயல்வரை. நிகழ்ந்ததை வரிசை மாறாமல் எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது.

முதலில் வெளித்திரை. இப்படி இரண்டு சில்லுகள் உள்ள பல மடிக்கணினிகளில், சொந்தத் திரை இன்டெல் சில்லோடும் எச்டிஎம்ஐ துளை என்விடியா சில்லோடும் இணைக்கப்பட்டிருக்கும். முன்பு நூவோ அந்தத் துளையை இயக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் நிறுவியவை நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டன. அதன் இடத்துக்கு வர வேண்டிய என்விடியா மாட்யூலோ ஏறவில்லை. ஆகவே அந்தச் சில்லுக்கு இப்போது இயக்கியே கிடையாது. உள்ளே இருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -கே என்ற விருப்பத்துடன் கொடுத்துப் பாருங்கள். என்விடியா சில்லின் கீழ், கிடைக்கும் மாட்யூல்கள் என்ற வரி இருக்கும். பயன்பாட்டில் உள்ள இயக்கி என்ற வரி இருக்காது.

இனி சாவி. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், தான் நம்பும் சாவியால் கையொப்பமிடப்பட்ட மாட்யூலை மட்டுமே உபுண்டுவின் கர்னல் உள்ளே விடும். நீங்கள் ஏபிடி வழியாக நிறுவியபோது டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே மூலநிரலிலிருந்து மாட்யூலைத் தொகுத்து, உங்கள் கணினியிலேயே உருவாக்கிய ஒரு சாவியால் அதில் கையொப்பமிட்டது. ஆனால் அந்தச் சாவியை நம்பலாம் என்று துவக்க அடுக்குக்கு யாரேனும் சொல்ல வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸே அதைச் சொல்லிக்கொள்ள முடியுமென்றால் தீநிரலும் அப்படியே சொல்லிக்கொள்ளும் என்பதால், விசைப்பலகை முன் அமர்ந்திருக்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் பயந்து கடந்துபோன நீலத் திரை அதற்காகத்தான் வந்தது. கேட்கப்பட்ட கடவுச்சொல்லும், சாவியைப் பதியக் கேட்டவரும் ஒப்புக்கொள்பவரும் ஒருவரே என்று உறுதிசெய்யும் ஒருமுறைச் சொல் மட்டுமே. அதற்குப் பிறகு அது எங்கும் தேவைப்படாது.

'தொடர்ந்து துவக்கு' என்று தேர்ந்தவுடன் அந்தக் கோரிக்கை அழிந்துவிடும். அடுத்தடுத்து எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் நீலத் திரை மீண்டும் வராததற்குக் காரணம் அதுவே. புதிதாகக் கோரிக்கை வைக்க வேண்டும்.

அதற்கு முன், ரன் கோப்பு விட்டுச்சென்ற எச்சங்களை அகற்றிவிடுங்கள். அதே கோப்பை --அன்இன்ஸ்டால் என்ற விருப்பத்துடன் நிர்வாகி உரிமையில் இயக்கினால் போதும். மாட்ப்ரோப்.டி அடைவில் என்விடியா-இன்ஸ்டாலர் என்று தொடங்கும் தடைக்கோப்பு மிஞ்சியிருந்தால் அதையும் நீக்கிவிட்டு, துவக்கத்தில் முதலில் ஏறும் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை ஒருமுறை புதுப்பியுங்கள். ரன் கோப்பு வைத்த நூலகங்களும் ஏபிடி வைத்த நூலகங்களும் ஒரே கணினியில் கலந்து கிடந்தால், பின்னால் எது எதை மறைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

பிறகு இந்தச் சாவிகளைக் கையாளும் மோக்யூட்டில் கட்டளையை --இம்போர்ட் விருப்பத்துடன், வார் அடைவுக்குள் லிப், அதற்குள் ஷிம்-சைன்டு, அதற்குள் மோக் என்ற அடைவில் இருக்கும் மோக்.டெர் கோப்பைச் சுட்டி இயக்குங்கள். கடவுச்சொல்லாக எட்டு இலக்க எண் கொடுங்கள். நீலத் திரை எந்த மொழி விசைப்பலகையையும் அறியாது, அமெரிக்க அமைப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதால் எண்களே பாதுகாப்பு. மறுதொடக்கத்தில் திரை வந்ததும் பத்து நொடிக்குள் ஏதேனும் ஒரு விசையைத் தட்டிவிடுங்கள், தாமதித்தால் அதுவாகவே கடந்துவிடும். அங்கே சாவியைப் பதிவுசெய்யும் வரியைத் தேர்ந்து, தொடர்க, ஆம் என்று சென்று, கடவுச்சொல்லை இட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறி எதுவும் வராது. கை வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.


நேர்வழி எழுதியது:

இவ்வளவு சுற்று எதற்கு? பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை இது. நான் ஆறு ஆண்டுகளாக அணைத்தே வைத்திருக்கிறேன்.


முனையம் எழுதியது:

தனியாக லினக்ஸ் மட்டும் இருக்கும் கணினியில் நீங்கள் சொல்வது சரிதான், நேர்வழி. ஆனால் கேட்டவர் பிட்லாக்கர் இருக்கிறது என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார். பிட்லாக்கர் பொதுவாகத் தன் திறவுகோலை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில், செக்யூர் பூட்டின் நிலையோடு பிணைத்து வைத்திருக்கும். அந்த நிலை மாறினால் அடுத்த முறை விண்டோஸ் துவங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி அண்ணனின் அலுவலகக் கணக்கில் இருந்து, அவரும் வெளியூரில் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.


கயல்வரை எழுதியது:

மிக்க நன்றி. முனையம் அவர்கள் சொன்னபடியே செய்தேன். நீலத் திரை மீண்டும் வந்தது. இம்முறை பயமில்லாமல் சாவியைப் பதிந்தேன். மோக்யூட்டில் பட்டியலில் என் கணினியின் பெயருடன் ஒரு சாவி தெரிகிறது.

ஆனால் ஒரு கதவு திறந்ததும் அடுத்த கதவு சாத்தியிருக்கிறது. மாட்ப்ரோப் இப்போது சாவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதில், அப்படியொரு சாதனமே இல்லை என்கிறது. எல்எஸ்பிசிஐ பட்டியலில் சில்லு கண்ணெதிரே இருக்கிறது! கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவில் தேடியபோது, இந்தக் கணினியில் உள்ள சில்லில் தேவையான ஜிஎஸ்பி இல்லாததால் ஓப்பன் மாட்யூல் அதை ஆதரிக்காது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஜிஎஸ்பி என்றால் என்ன? என் சில்லு பழுதாகிவிட்டதா?


பழையகர்னல் எழுதியது:

சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் நல்லெண்ணத்தில் தேர்ந்த ஓப்பன் என்ற சொல்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

என்விடியா இயக்கி என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பாதி. ஒன்று கர்னலுக்குள் ஏறும் மாட்யூல். மற்றொன்று வரைகலைக்கான ஓபன்ஜிஎல், வல்கன், கணக்கீட்டுக்கான கூடா ஆகியவற்றைத் தரும் பயனர்பக்க நூலகங்கள். 2022 மே மாதம், 515-ஆம் வரிசையுடன், முதல் பாதியின் மூலநிரலை மட்டும் அந்நிறுவனம் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. இரண்டாம் பாதி இன்றும் மூடியதுதான். ஆக, 580-ஓப்பன் என்ற தொகுப்பை நிறுவினாலும் நீங்கள் நிறுவுவது பெரும்பகுதி தனியுரிம மென்பொருளே. ஓப்பன் என்ற பெயரைப் பார்த்து நூவோ போல முழுக்கக் கட்டற்றது என்று எண்ணுவது இயல்பு. நூவோவோ சில்லின் நடத்தையைப் பின்னோக்கி ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய, 2010-இல் 2.6.33 கர்னலில் சேர்ந்த, வேறொரு பரம்பரை.

அந்த ஓப்பன் மாட்யூல், சில்லைத் துவக்குவது, மின்சாரத்தை மேலாள்வது போன்ற வேலைகளைத் தானே செய்வதில்லை. சில்லுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற சிறு செயலியிடம் ஒப்படைத்துவிடுகிறது. அச்செயலியில் ஓடுவது நிறுவனம் தரும் மூடிய ஃபர்ம்வேர். 2018-இல் வந்த டூரிங் குடும்பத்திலிருந்துதான் ஓப்பன் மாட்யூலுக்குத் தேவையான ஜிஎஸ்பி உண்டு. உங்கள் ஜிடிஎக்ஸ் 1050, 2016-இல் வந்த பாஸ்கல் குடும்பத்தைச் சேர்ந்தது. வேலையை ஒப்படைக்க ஆள் இல்லாத வீட்டில் போய்க் கதவைத் தட்டிய கதைதான் உங்கள் பதிவில் உள்ள வரி.

எந்த மாட்யூல் உள்ளது என்று அறிய ஒரு சிறு வழி சொல்கிறேன். மாடின்ஃபோ என்விடியா என்று கொடுங்கள். லைசென்ஸ் என்ற வரியில் எம்ஐடி, ஜிபிஎல் என்று இரண்டும் இருந்தால் அது ஓப்பன். என்விடியா என்று மட்டும் இருந்தால் மூடியது. சற்றுக் கீழே கையொப்பமிட்டவர் யார் என்ற வரியும் இருக்கும், அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சில்லுக்கு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓப்பன் மாட்யூல் மட்டுமே வேலை செய்யும். ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல் 40 வரையிலான வரிசைகளுக்கு இரண்டும் செல்லும். மேக்ஸ்வெல், பாஸ்கல் குடும்பங்களுக்கு மூடியது மட்டுமே, அதிலும் 580-தான் கடைசி வரிசை. 590 முதல் அவற்றுக்கு இடமில்லை. இன்னும் பழைய கெப்ளர் என்றால் 470, ஃபெர்மி என்றால் 390 என்று அவரவர் வாழ்க்கை முடிந்த இடம் வேறு. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இப்போது செய்ய வேண்டியது. ஏபிடி பர்ஜ் மூலம் என்விடியா என்றும் லிப்என்விடியா என்றும் தொடங்கும் தொகுப்புகள் அனைத்தையும் நீக்குங்கள். ஆம் என்று சொல்வதற்கு முன், நீக்கப்படப்போகும் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அதில் உபுண்டு-டெஸ்க்டாப் என்ற பெயர் தென்பட்டால் நிறுத்திவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். நீக்கிய பின் உபுண்டு-டிரைவர்ஸ் லிஸ்ட் என்ற கட்டளை உங்கள் சில்லுக்குப் பொருந்தும் வரிசைகளைக் காட்டும். பிறகு உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்று கொடுத்து, என்விடியா, முக்காற்புள்ளி, 580 என்பதை இடைவெளியின்றிச் சேர்த்து, நிர்வாகி உரிமையில் இயக்குங்கள்.

இந்த வழியை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஏபிடி கொண்டு இயக்கித் தொகுப்பை நேரடியாக நிறுவியபோது அது டிகேஎம்எஸ்ஸை இழுத்து வந்தது, அதனால்தான் சாவி, நீலத் திரை எல்லாம். உபுண்டு-டிரைவர்ஸ் கருவியோ, பொதுவான கர்னல்களுக்கென்று உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் முன்பே தொகுத்துக் கையொப்பமிட்டு வைத்திருக்கும் மாட்யூல்களை முதலில் தேடி எடுக்கும். அந்தக் கையொப்பத்தைக் கர்னல் ஏற்கெனவே நம்புவதால் உங்கள் சொந்தச் சாவிக்கு வேலையே இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் தன் மாட்யூலை உங்கள் கணினியிலேயே தொகுக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற எதையேனும் பின்னாளில் நிறுவினால் நீங்கள் பதிந்த சாவி அங்கே கைகொடுக்கும், எனவே அது அப்படியே இருக்கட்டும்.


தொகுப்பாளி எழுதியது:

பழையகர்னல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டிகேஎம்எஸ் வழியே செல்பவர்கள், ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பிலும் மாட்யூல் தங்கள் கணினியில் மீண்டும் தொகுக்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதற்கு அந்தக் கர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும், அந்தக் கர்னல் ஜிசிசி என்ற நிரல்தொகுப்பியின் எந்தப் பதிப்பால் தொகுக்கப்பட்டதோ அதற்கு ஈடான ஜிசிசி-யும் வேண்டும். உபுண்டு 22.04-இல் 6.5 கர்னல் வந்தபோது நான் இதில் சிக்கினேன். அந்தக் கர்னல் ஜிசிசி 12-ஆல் தொகுக்கப்பட்டிருந்தது. என் கணினியில் இயல்பாக இருந்ததோ 11. காலையில் கணினியைத் திறந்தால் திரை 1024-க்கு 768 என்ற அளவில் கட்டம் கட்டமாக நின்றது. வார், லிப், டிகேஎம்எஸ் அடைவின் கீழ் கிடந்த மேக்.லாக் கோப்பைத் திறந்தபோது, 11-க்குத் தெரியாத ஒரு தொகுப்பு விருப்பத்தைப் பற்றிய புகாரே முதல் பிழையாக இருந்தது. ஜிசிசி 12-ஐ நிறுவி மாட்யூலை மீண்டும் தொகுத்தவுடன் சரியாயிற்று. நான் அந்தக் கோப்பைத் திறக்கும் முன் இரண்டு மணி நேரம் இயக்கியை அழிப்பதும் நிறுவுவதுமாகவே கழித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

உபுண்டு அல்லாதவர்களுக்கு ஒரு சொல். டெபியனில் நான்-ஃப்ரீ களஞ்சியத்தை இயக்கினால்தான் இயக்கித் தொகுப்பே தென்படும். டெபியன் 12-இல் ஃபர்ம்வேருக்கென்று தனிக் களஞ்சியம் பிரிந்த பிறகு, அதை மட்டும் இயக்கிவிட்டு இயக்கியைக் காணோம் என்று தேடுபவர்கள் உண்டு. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற களஞ்சியம் வழியாக அக்மாட்-என்விடியாவை நிறுவினால், பின்னணியில் மாட்யூல் தொகுக்கப்பட்டு முடிய ஓரிரு நிமிடங்கள், பழைய கணினியில் ஐந்து நிமிடம் வரைகூட ஆகும். நிறுவல் முடிந்தது என்று திரை சொன்னவுடனே மறுதொடக்கம் செய்தால் அரைகுறையாக நிற்கும். மாடின்ஃபோ பதிப்பெண்ணைக் காட்டும் வரை காத்திருங்கள்.


கயல்வரை எழுதியது:

வேலை செய்கிறது! என்விடியா-எஸ்எம்ஐ கட்டம் போட்ட அட்டவணையைக் காட்டியபோது அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாடின்ஃபோவில் லைசென்ஸ் வரி என்விடியா என்றும், கையொப்பமிட்டவர் கனோனிக்கல் என்றும் இருக்கின்றன. வெளித்திரையும் ஒளிர்ந்துவிட்டது. விண்டோஸ் எந்தச் சாவியும் கேட்காமல் துவங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளெண்டரில் அமைப்புப் பகுதிக்குச் சென்று கூடாவைத் தேர்ந்தேன். முன்பு ஒரு சட்டகத்துக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் ஆன சமையலறைக் காட்சி, இப்போது மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். எந்தச் சில்லு வரைய வேண்டும் என்று தேர்வுசெய்யும் ப்ரைம்-செலக்ட் கட்டளையைக் கேட்டால் ஆன்-டிமாண்ட் என்கிறது; பிளெண்டர் இதிலேயே ஓடுகிறதே, என்விடியா என்று மாற்ற வேண்டுமா? பேட்டரி முன்பைவிட விரைவாகத் தீர்வது போல் தோன்றுகிறது, இது என் பிரமையா?


பழையகர்னல் எழுதியது:

மாற்ற வேண்டாம். ஆன்-டிமாண்ட் நிலையில் மேசைத்தளத்தை வரைவது இன்டெல். கேட்கும் நிரலுக்கு மட்டும் என்விடியா. கூடா நேரடியாகச் சில்லை அணுகுவதால் பிளெண்டரின் ரெண்டருக்கு வேறெதுவும் செய்யத் தேவையில்லை. ஓபன்ஜிஎல் விளையாட்டு ஒன்றையோ பிளெண்டரின் காட்சிச் சாளரத்தையோ என்விடியாவில் வரைய வைக்க வேண்டுமென்றால், உபுண்டுவின் மேசைத்தளமான க்னோமில் அந்த நிரலின் சின்னத்தை வலச்சொடுக்கினால் தனி வரைகலைச் சில்லில் இயக்கும் தெரிவு வரும்.

பேட்டரி விஷயம் பிரமை அன்று. பயன்பாடு இல்லாதபோது சில்லின் மின்சாரத்தை முழுதாக அணைத்து வைக்கும் வசதி இந்த இயக்கியில் டூரிங் முதல்தான் உண்டு. பாஸ்கல் சும்மா இருக்கும்போதும் சில வாட்டுகளைத் தின்றுகொண்டே இருக்கும். பயணத்தில் ப்ரைம்-செலக்ட் இன்டெல் என்று மாற்றி மறுதொடக்கம் செய்தால் பேட்டரி மிச்சமாகும், ஆனால் அந்நிலையில் உங்கள் எச்டிஎம்ஐ துளை வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள்; கூட்டத்தில் புரொஜெக்டர் முன் நின்றுகொண்டு இது நினைவுக்கு வந்தால் பயனில்லை.


கயல்வரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து மீண்டும் வருகிறேன், மன்னிக்கவும். இன்று காலை முதல் என்விடியா-எஸ்எம்ஐ, இயக்கிக்கும் நூலகத்துக்கும் பதிப்பு பொருந்தவில்லை என்கிறது. பிளெண்டரிலும் கூடா மறைந்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டுமா?


முனையம் எழுதியது:

எதையும் அழிக்காதீர்கள். பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு, இயக்கியின் சிறு பதிப்பு ஒன்றை நிறுவியிருக்கும். வட்டில் உள்ள நூலகங்கள் புதியவை. நினைவகத்தில் முந்தைய துவக்கத்தில் ஏறிய மாட்யூல் பழையது. பழையகர்னல் சொன்ன இரண்டு பாதிகளும் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் ஒன்றோடொன்று பேசாது. கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.


கயல்வரை எழுதியது:

செய்தேன். சரியாகிவிட்டது.